மறைகுறி நிரல் நூலகமும் அதன் பராமரிப்பும்

இணையத்தின் வழியாகச் செல்லும் கடவுச்சொல், வங்கிக் கணக்கு முதலிய செய்திகளை இடையிலுள்ளோர் அறியாவண்ணம் மறைகுறியாக மாற்றி அனுப்புதல் இன்று வழக்கமாகும். இதற்குரிய கணித முறைகளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே நிரலாக எழுதுவதில்லை. முன்னரே எழுதப்பெற்ற பொதுத் தொகுதியொன்றையே எடுத்தாளுகிறது. இத்தொகுதி மறைகுறி நிரல் நூலகம் எனப்படும். 1998-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' இவற்றுள் பெரிதும் பரவியதாகும். இதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், விலையின்றிப் பயன்படுத்தலாம்.

பராமரிப்பின் தனித்தன்மை

சாதாரண நிரலில் பிழை இருப்பின் பெரும்பாலும் விடை தவறும், பிழை வெளிப்படும். மறைகுறி நிரலோ சரியான விடையைத் தந்துகொண்டே இரகசியத்தை வெளியிடக்கூடும். சான்றாக, இரகசிய எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, முதல் வேறுபாட்டிலேயே நின்றுவிடும் நிரலைக் கருதுக. எத்தனை இலக்கங்கள் பொருந்தின என்பதை அது எடுத்துக்கொள்ளும் நேரமே பகைவனுக்கு உணர்த்திவிடும். ஆகவே, பொருந்தினும் பொருந்தாவிடினும் ஒரே அளவு நேரம் ஆகுமாறு நிரலை அமைத்தல் வேண்டும்.

நீக்கிய வரி

2006-இல் 'டெபியன்' இயக்கத் தொகுதிக்கென இந்நூலகத்தை அமைத்தபோது, சோதனைக் கருவியொன்று எழுப்பிய எச்சரிக்கையைத் தவிர்க்கும் பொருட்டுச் சில வரிகள் நீக்கப்பட்டன. சாவிகளை ஆக்கத் தேவையான தற்செயல் எண்களைக் கலந்தது அவற்றுள் ஒரு வரியே. அதன்பின் மாறுவதாக எஞ்சியது, இயங்கும் நிரலுக்குக் கணிப்பொறி இடும் வரிசை எண் ஒன்றே. அதன் வழக்கமான உச்ச அளவு 32,768 ஆகும். எண்ணற்றவையாக இருக்கவேண்டிய சாவிகள் எண்ணி முடிக்கத்தக்கவை ஆயின. அச்சாவிகளும் குறையின்றிப் பணியாற்றியமையால், 2008 மே மாதத்தில்தான் குறை அறிவிக்கப்பட்டது.

எழுதாத வரி

2012 மார்ச்சில் வெளிவந்த 1.0.1 பதிப்பில், இணைப்பு உயிருடன் உள்ளதா என அறியும் ஏற்பாடு சேர்க்கப்பட்டது. ஒரு கணிப்பொறி சிறு செய்தியையும் அதன் நீளத்தையும் அனுப்பும். மற்றது அச்செய்தியைத் திருப்பி அனுப்பும். கூறப்பட்ட நீளம் உண்மையா என்று பார்க்கும் வரி எழுதப்படவில்லை. ஒரு படி நெல்லைக் கொடுத்தவன் நூறு படி கொடுத்ததாகச் சொல்ல, அளந்து பாராமல் களஞ்சியத்திலிருந்து நூறு படி எடுத்துக்கொடுப்பது போன்றது இது. ஒரு முறைக்கு ஏறத்தாழ 64 கிலோபைட் வரை நினைவகச் செய்தி வெளியேறக்கூடும். அதில் இரகசியச் சாவிகளும் இருக்கலாம். 'ஹார்ட்பிளீட்' எனப் பெயர்பெற்ற இக்குறை 2014 ஏப்ரல் 7 அன்று அறிவிக்கப்பட்டது. திருத்தமோ நீளத்தைச் சரிபார்க்கும் சில வரிகளே.

படிப்பினை

எவரும் படிக்கலாம் என்பதனால் எவரேனும் படித்திருப்பர் என்று கொள்ளலாகாது. அக்காலத்தில் உலகமே நம்பியிருந்த இந்நூலகத்திற்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார். ஆண்டு நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே பெரிய நிறுவனங்கள் பல லினக்ஸ் அறக்கட்டளையின் வழியாகப் பொருளுதவி செய்ய முன்வந்தன.

பயன்படுத்துவோர்க்கும் கடமை உண்டு. திருத்திய பதிப்பை ஏற்றல், கசிந்திருக்கக்கூடிய சாவிகளை மாற்றல், ஆதரவு முடிந்த பதிப்பைக் கைவிடுதல் ஆகியவை அவர்தம் பொறுப்பு. 1.1.1 பதிப்பிற்குரிய பொது ஆதரவு 2023 செப்டம்பரில் முடிவுற்றது. அதனை இன்னும் வைத்திருப்போர், பூட்டு இருக்கிறது என்ற நம்பிக்கையில் கதவைக் கவனியாது விட்டவரே ஆவர்.