செவியினுள் மூன்று சிற்றெலும்புகள்

தை மாதம் மூன்றாம் நாள் மதுரையை அடுத்த அலங்காநல்லூரில் வாடிவாசல் திறக்கின்றது. பறை முழங்குகின்றது, காளை சீறிப் பாய்கின்றது, கூடியிருப்போர் ஆரவாரம் வானை முட்டுகின்றது. அவ்வோசை முழுவதும் அங்குள்ள ஒவ்வொருவர் செவியிலும் மூன்று சிற்றெலும்புகளின் வழியாகவே உட்புகுகின்றது. அம்மூன்றையும் ஒரு கட்டைவிரல் நகத்தின்மேல் அடக்கிவிடலாம்.

செவிப்பறையை ஒட்டி நிற்பது சுத்தி. அதனோடு பொருந்தியது பட்டடை. உட்செவியின் வாயிலில் பதிந்திருப்பது அங்கவடி. கொல்லன் உலைக்களத்தைக் கண்டோர்க்கு முன்னைய இரண்டும் எளிதில் விளங்கும். அங்கவடி என்பது குதிரை ஏறுவோர் கால் ஊன்றும் வளையம். குதிரைச் சவாரியைக் காண்பது அரிதாகிவிட்ட இக்காலத்து மாணவர் அதனைப் பழைய கோயில் மண்டபங்களின் குதிரைவீரர் சிற்பங்கள் சிலவற்றில் காணலாம். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் உயரமே உடைய இதுவே நம் உடலின் மிகச் சிறிய எலும்பாகும்.

காற்றில் வரும் ஒலி உட்செவியிலுள்ள நீரை நேரே தாக்குமாயின் அதன் பெரும்பகுதி திரும்பிவிடும். அகன்ற செவிப்பறை பெற்ற விசையை அங்கவடியின் சிறிய அடித்தட்டில் குவித்து, அழுத்தத்தை ஏறத்தாழ 20 மடங்கு பெருக்கி, இவ்வெலும்புகள் அக்குறையைப் போக்குகின்றன.

இவை தோன்றுமிடம் யாது? செவி அன்று, தாடையும் கழுத்தும் உருவாகும் இடமே அது. தாய் வயிற்றிலுள்ள கரு நான்காம் வாரத்தை எய்தும்போது அதன் தொண்டையின் இருபுறத்தும் வரிசையாகச் சில வளைவுகள் எழுகின்றன. மீன்களில் இவற்றுள் முன்னது தாடைக்கும் பின்னவை செவுளுக்கும் உதவும். மனிதக் கருவின் முதல் வளைவில் நீண்ட குருத்தெலும்பு ஒன்று உண்டாகின்றது. ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் மெக்கெல் என்பாரின் பெயரால் அது வழங்கும். கீழ்த்தாடை அதனை அணைந்து உருவாக, அதன் பின்முனைப் பகுதி சுத்தியாகவும் பட்டடையாகவும் பிரிகின்றது. அங்கவடியோ பெரும்பாலும் இரண்டாம் வளைவில் பிறக்கின்றது. 16-ஆம் வாரமளவில் குருத்து எலும்பாக இறுகத் தொடங்கும். பிறக்கும்போதே இவை முழு அளவை எய்திவிடுதலின், பிள்ளையின் கைகால்கள் நீண்டு வளரினும் இவை வளர்வதில்லை.

தாடைக்கும் செவிக்கும் உள்ள இவ்வுறவைப் பன்றிக் கருக்களை ஆராய்ந்து 1837-இல் விளக்கியவர் ரைக்கர்ட் என்னும் ஜெர்மானியர். வாடிவாசலில் பாயும் காளைக்கும் நம்மைப் போலவே செவியில் மூன்று எலும்புகள் உண்டு. அதே ஊரில் வேலிமேல் தலையசைக்கும் ஓணானின் செவியில் அங்கவடிக்கு ஒப்பான எலும்பு ஒன்றே உண்டு. ஏனைய இரண்டும் எங்கே? அவை அதன் வாயின் கீலாக இருக்கின்றன! ஓணான் பூச்சியைக் கவ்வுதற்கு உதவும் அவ்விரு எலும்புகளே பாலூட்டிகளின் வழிமுறையில் மெல்லச் சிறுத்து, செவிக்குள் இடம்பெயர்ந்தன. 2007-இல் சீன நாட்டுப் புதைபடிவம் ஒன்று விவரிக்கப்பெற்றது. யானோகோனோடான் எனப்படும் அச்சிறு விலங்கு 12 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது. அதன் செவியெலும்புகள், எலும்பாக இறுகிய மெக்கெல் குருத்தின் வழியே தாடையோடு இன்னும் தொடர்புற்றிருந்தன. நம் கருவில் சில மாதங்களே நிலவும் தொடர்பு அவ்விலங்கிற்கு வாழ்நாள் முழுதும் நிலவிற்று.

உட்செவியின் பிறப்பு வேறு. தலையின் பக்கத்தில் மேற்படலம் தடித்து உட்குழிந்து தனியே உருவாவது அது. இவ்வேறுபாட்டை அறியாதார் சில குழந்தைகளுக்குப் பெருந்தீங்கு இழைத்துவிடக் கூடும். முதலிரு வளைவுகளின் வளர்ச்சி குன்றின் செவிமடல் சிறுத்துப் பிறக்கும்; செவித்துளை அடைபடும்; சுத்தியும் பட்டடையும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். இருபுறமும் இவ்வாறு அமைந்த குழந்தையைக் கண்டோர், 'இது பிறவிச் செவிடு. பேச்சும் வாராது' என்று கைவிடலாகாது. பெரும்பாலும் அதன் உட்செவி நன்றாகவே இருக்கும். வாயில் அடைபட்டது, வீட்டினுள் ஆள் இருக்கின்றார்.

உட்செவிக்கு ஒலி செல்ல மற்றொரு வழியும் உண்டு. இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைக் காதின் பின்னுள்ள எலும்பில் ஊன்றுக. காதுகளைப் பொத்தியிருப்பினும் ஓசை கேட்கும். மண்டையெலும்பே அதனை உள்ளே கொண்டு செல்கின்றது. பேசவும் அறியாத சிசுவுக்கும் செவிநரம்பின் மின்துடிப்பை அளந்து கேட்கும் ஆற்றலை அறிய இன்று கருவிகள் உள்ளன. சோதனையில் உட்செவி நலமெனத் தெரியின், எலும்பை அதிர்விக்கும் சிறு கருவியொன்றை மெல்லிய துணிப்பட்டையில் கோத்துத் தலையைச் சுற்றி அணிவிப்பர். பேச்சைக் கற்கும் பருவம் கழியுமுன் அதனை அணிவித்தல் வேண்டும். அறுவை மருத்துவத்தால் துளை திறப்பதோ மடல் அமைப்பதோ சில ஆண்டுகள் பொறுக்கலாம். தாய் பாடும் தாலாட்டு அதுவரை பொறுத்தல் இயலாது.