பேரன் மரியாதை தெரியாதவனா?

கேள்வி: கனடாவிலிருந்து வந்திருக்கும் 13 வயதுப் பேரன், பெரியவர்கள் கதைக்கும்போது குறுக்கிட்டு "எனக்கு அப்படித் தெரியேல்லை" என்கிறான். வளர்ப்புப் பிழையா?
– ஓர் அம்மம்மா, அரியாலை

பதில்: பிழை இல்லை அம்மா, வளர்ந்த இடம் வேறு. நம் ஊரில் பிள்ளைக்குப் பல் முளைத்தால் தலையில் கொழுக்கட்டை சொரிந்து, முன்னால் புத்தகம், பேனை, நகை, காசு பரப்பி, எதை எடுக்கிறது என்று சுற்றமே கூடிப் பார்க்கும். ஏடு தொடக்கல், சாமத்தியச் சடங்கு, கலியாணம், அந்தியேட்டி என ஒவ்வொரு கட்டத்திலும் மாமன் மாமிக்கு ஒரு பொறுப்பு உண்டு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் சீதனம் மகளின் சொத்து. அதனால் சீதன வீட்டில் தாய்க்குப் பக்கத்திலேயே மகள் குடியிருக்க, பேரப்பிள்ளைகள் அம்மம்மாவின் கண்முன்னே வளர்ந்தார்கள். இங்கே உறவறிந்து நடப்பதே முதிர்ச்சி.

கனடா வகுப்பறையிலோ கருத்துச் சொல்பவனே கெட்டிக்காரன். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் வெளியிட்ட நூலில் மனித வாழ்வை எட்டுப் பருவங்களாகப் பிரித்தார். பதின்ம வயதின் வேலை, 'நான் யார்' என்று தேடுவது. அதை எப்படித் தேடுவது என்பதைச் சமூகமே கற்றுக்கொடுக்கிறது. உங்கள் பேரனுக்கு இரண்டு சமூகங்கள்.

ஆகவே நாலு பேர் முன் ஏசாதீர்கள். யார் பெரியப்பா, யார் மச்சான் என்று முறை சொல்லிப் பழக்குங்கள். அவன் சொல்வதையும் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டால், அவனும் உங்களைக் கேட்பான்.