மாவாக உழுத மண் ஏன் இறுகுகிறது?

கேள்வி: மேட்டுக் காணியில் உழுந்துக்கு ரொட்டவேற்றரால் இரண்டு தரம் நன்றாகத் தூளாக்கி விதைக்கிறேன். முதல் மழையோடு மண் இறுகி, முளை வெளியே வர மாட்டேன் என்கிறது. ஏன்?
வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: அளவுக்கு மீறித் தூளாக்கியதுதான் காரணம். வன்னி மேட்டு நிலங்களில் பரவலாக உள்ள செங்கபில மண்ணில் சேதனப் பொருள் குறைவு. ரொட்டவேற்றரின் கத்திகள் மணிமணியான மண்கட்டிகளை நொறுக்கிவிடும். காலபோக மழைத்துளி அடித்ததும் அந்தத் தூள் நுண்துளைகளை அடைத்து, வெயிலில் ஓடுபோலக் காய்கிறது. நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடுகிறது.

ஒவ்வொரு போகமும் ஒரே ஆழத்தில் உழுதால் கீழேயும் கடினப் படை உருவாகும். ஓரடி குழி தோண்டிப் பாருங்கள். வேர் பக்கவாட்டில் வளைந்திருந்தால் அதுதான் அடையாளம்.

இனி கொத்துக் கலப்பையால் சரிவுக்குக் குறுக்கே உழுங்கள். உழுமுன் ஒரு பிடி மண்ணை உருட்டி விரலால் அழுத்துங்கள்: உதிர்ந்தால் உழலாம், திரியாக நீண்டால் பொறுங்கள். விதைப்புக்குக் கட்டிகளை உடைத்தாலே போதும். அறுவடைத் தாளை எரிக்காமல் நிலத்தில் பரப்புங்கள். மழையின் அடியை அது தாங்கும், மண்ணும் ஆண்டுக்காண்டு தேறும்.