மவுஸைக் கழற்றிட்டு உங்க ஃபார்மை நிரப்பிப் பாருங்க!

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு நூலகப் பதிவு மென்பொருள் ஒன்று செய்தோம். சி ஷார்ப், விண்டோஸ் ஃபார்ம்ஸ். டெமோ சூப்பரா போச்சு. அடுத்த நாள் நூலகத்து அக்கா அதில் 40 புத்தகங்களை ஏற்றினாங்க. பார்த்தா, ஆசிரியர் கட்டத்தில் விலை, விலைக் கட்டத்தில் ஆசிரியர்!

தப்பு அவங்க மேல இல்லை. அவங்க கண் ரெஜிஸ்டர்ல, கை கீபோர்டுல. தலைப்பு அடிச்சு டேப் தட்டினா அடுத்தது ஆசிரியர்னு நம்பினாங்க. நாங்களோ விலைக் கட்டத்தை முதலில் போட்டு, ஆசிரியர் கட்டத்தைப் பிறகு சேர்த்து மேலே இழுத்து வெச்சிருந்தோம். டேப் கீ திரையில் இருக்கும் இடத்தைப் பார்க்காது. டேப்இன்டெக்ஸ் எண்ணைத்தான் பார்க்கும். அந்த எண், நீங்க கன்ட்ரோலைப் போட்ட வரிசையில் தானா விழும்.

இதைச் சரிசெய்வது இப்படித்தான்:

1. விஷுவல் ஸ்டுடியோவில் ஃபார்மைத் திறந்து, வியூ மெனுவில் டேப் ஆர்டரை அழுத்துங்க. எண்கள் தெரியும். வேண்டிய வரிசையில் ஒவ்வொன்றாக கிளிக் பண்ணுங்க. குரூப்பாக்ஸுக்குள் இருப்பவை 3.0, 3.1 என்று தனியாக எண்ணப்படும்.

2. லேபிளை விட்டுடாதீங்க. டேப் அதில் நிற்காது. ஆனால் லேபிள் எழுத்துக்கு முன்னால் & போட்டால், ஆல்ட்டோடு அந்த எழுத்தை அழுத்தும்போது வரிசையில் அடுத்த கட்டத்துக்குப் போகும். திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்குக் கட்டத்தின் பெயரும் பெரும்பாலும் அந்த லேபிளிலிருந்தே கிடைக்கும். அதனால் லேபிள் எண், கட்டத்தின் எண்ணுக்குச் சரியாக முன்னால் இருக்கணும்.

3. ரீட்ஒன்லி கட்டத்திலும் டேப் நிற்கும். தேவையில்லைன்னா டேப்ஸ்டாப்பை ஃபால்ஸ் ஆக்குங்க.

4. ஃபார்ம் லோட் ஆகும்போது ஃபோகஸ் மெத்தடை அழைத்தால் வேலை செய்யாது. ஃபார்ம் இன்னும் திரைக்கே வரலையே! ஆக்டிவ்கன்ட்ரோலில் முதல் கட்டத்தைக் கொடுங்க. சேவ் ஆனதும் கட்டங்களைக் காலி செய்து, ஃபோகஸைத் தலைப்புக்கே கொண்டுவாங்க.

5. ஃபார்மின் அக்செப்ட்பட்டனில் சேவ், கேன்சல்பட்டனில் ரத்து. என்டரும் எஸ்கேப்பும் தானா வேலை செய்யும்.

6. விலை எண்தானா என்று வேலிடேட்டிங் ஈவென்ட்டில் சோதிக்கலாம். ஆனால் தப்பு இருந்தால் கேன்சலை ட்ரூ ஆக்கும்போது ஃபோகஸ் அங்கேயே மாட்டிக்கும். ரத்து பட்டனைக்கூட அழுத்த முடியாது. அந்தப் பட்டனின் காஸஸ்வேலிடேஷனை ஃபால்ஸ் ஆக்கினால்தான் வழி திறக்கும்.

கடைசியா ஒரு டெஸ்ட். மவுஸைக் கழற்றிட்டு, ஒரு பதிவை முதலிலிருந்து சேவ் வரைக்கும் போடுங்க. ஷிஃப்ட் டேப்பில் திரும்பியும் வாங்க. அஞ்சு நிமிஷ வேலை. அதைச் செய்யாததால், அந்த 40 புத்தகங்களையும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சாயங்காலம் முழுக்க நாங்களே திருத்தினோம். உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்!