ஊர்ப்பெயரும் உலக எழுத்துகளும்

மொழி என்பது ஒலி. எழுத்து என்பது அவ்வொலிக்கு மக்கள் இட்ட வடிவம். இவ்விரண்டும் வேறென்பதை நம்முட் பலர் கல்லூரிக்கு வந்த பின்னரே தெளிகின்றோம். எட்டு வயதுச் சிறார்க்கே இதனை விளக்குதல் கூடும் என்பதும், அதற்கு வேண்டும் கருவிகள் ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் போன்ற ஊர்களிலேயே கிடக்கின்றன என்பதும் ஈண்டுக் காட்டப் புகுகின்றோம்.

முதற்கண் அவ்விரண்டு ஊர்ப்பெயர்களையும் கரும்பலகையில் எழுதுக. முன்னதன் தொடக்கத்து நிற்கும் 'ஸ்ரீ'யும், பின்னதன் இடையே வரும் 'ஜ'வும், உயிர் 12, மெய் 18 என்னும் நம் கணக்கில் அடங்காதவை. வடமொழியை எழுதுதற்பொருட்டுத் தமிழ்நாட்டில் வழங்கிய கிரந்தத்தைச் சார்ந்தவை அவை. தன் ஊர்ப்பெயரில் இருவகை எழுத்துகள் கூடி நிற்றலைக் கண்ட சிறுவன், 'ஐயா, இவ்வெழுத்து எங்கிருந்து வந்தது?' என்று வினவுவான். அவ்வினாவே பாடத்தின் வாயில்.

அடுத்துச் சிறாரைப் புகைவண்டி நிலையத்துக்கு அழைத்துச் செல்க. ஆண்டுள்ள பலகையில் ஒரே பெயர் தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியெழுத்துகளிலும் பொறிக்கப்பட்டிருக்கும். 'வில்லி' என்பதன் இகரத்தை நோக்குமின். தமிழில் அது மெய்க்கு வலப்புறத்தே மேல்நோக்கி வளைகின்றது. இந்தி எழுதப்படும் தேவநாகரியில் மெய்க்கு இடப்புறத்தே நிற்கின்றது. உரோம எழுத்திலோ தனியெழுத்தாய்ப் பின்னே வருகின்றது. 'பின் ஒலிப்பது முன் நிற்றல் எங்ஙனம்?' என்று தேவநாகரியைக் கண்டு சிறுவன் வியப்பானாயின், நம் 'பெ', 'பே', 'பை' என்பவற்றைக் காட்டுக. பிறர் எழுத்தைப் பார்க்கச் சென்றவன் தன் எழுத்தை அன்றுதான் உற்றுப் பார்ப்பான்.

ஞாயிற்றுப் பள்ளியில் கற்பிக்கும் நம்மனோர்க்கு மற்றொரு பலகையும் உண்டு. ஆண்டவரின் சிலுவைமேல் வைக்கப்பட்ட மேல்விலாசம் எபிரெயம், கிரேக்கு, இலத்தீன் ஆகிய மூன்று பாஷைகளில் எழுதப்பட்டிருந்ததென யோவான் சுவிசேஷம் 19-ஆம் அதிகாரம் கூறுகின்றது. எபிரெயம் வலமிருந்து இடமாகச் செல்வது. ஏனைய இரண்டும் இடமிருந்து வலமாகச் செல்வன. இதனை எழுதிக் காட்டின் சிறார் எளிதில் மறவார்.

நிற்க. இப்பாடத்தின் பெரும்பயன் வேறோரிடத்து உள்ளது. இராஜபாளையத்து ராஜுக்களின் இல்லங்களில் வழங்குவது தெலுங்கு. அவர்தம் பிள்ளைகள் பள்ளியிற் பயில்வது தமிழ். தாய் பேசும் மொழியைப் பேசியும் அதன் எழுத்தை அறியாதார் அவருட் பலர். வகுப்பில் அயலான் வீட்டுமொழியைக் கேட்டு நகைக்கும் சிறாரும் உளர். நகைக்கப்பட்ட பிள்ளை தன் தாயின் மொழிக்கு நாணக் கற்றுக்கொள்கின்றது. இது சிறு தீங்கன்று.

ஆசிரியர் ஒருநாள் தெலுங்கின் அகர வரிசையை எழுதிக் காட்டுவாராக. அ, ஆ, இ, ஈ என்னும் முறை தமிழிலும் தெலுங்கிலும் ஒன்றே. ஏனெனில், இரண்டன் எழுத்தும் பிராமி என்னும் பழைய எழுத்தின் வழிவந்தவை. நமக்கு ஒரு ககரம், அவர்க்கு நான்கு. அந்நான்கனையும் ஒலித்துக் காட்டுமாறு தெலுங்கு வீட்டுப் பிள்ளையை அழைப்பின், பின்வரிசையில் வாளாவிருந்தவன் அன்று வகுப்பிற்கு ஆசானாவான். ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்ந்த பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் வரலாற்றைக் கிருஷ்ணதேவராயர் 'ஆமுக்தமால்யதா' என்னும் பெயரால் தெலுங்கிற் பாடினார் என்பதையும் உடன் கூறுக. தன் ஊர்க் கதை பிறர் எழுத்தில் உறைகின்றதென அறிந்த தமிழ்ப்பிள்ளை அவ்வெழுத்தை எள்ளி நகையாடான்.

இனி உலகை நோக்குவாம். சிங்களம், பருமியம், கெமர், தாய் ஆகியவற்றின் எழுத்துகளும் பிராமியின் கிளைகளே. கொரியநாட்டு மன்னர் செஜோங் 1443-இல் புதிய எழுத்தொன்றை வகுத்து 1446-இல் வெளியிட்டார். அதன் மெய்யெழுத்துகள் சில, ஒலிக்குங்கால் நாவும் வாயும் கொள்ளும் வடிவத்தையே காட்டுவன. அமெரிக்கப் பழங்குடியினராகிய செரோக்கியருள் செக்வோயா என்பார், வேறெம்மொழியும் படிக்க அறியாதவராயிருந்தும், 1821-இல் தம் மொழிக்கு எழுத்து அமைத்து முடித்தார். பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்தை லூயி பிரெயில் 1824-இல் அமைத்தபோது அவருக்கு வயது 15. எழுத்து வானினின்று விழுந்ததன்று, மனிதர் தம் தேவைக்கு ஆக்கியது என்பதைச் சிறார் இவற்றால் அறிவர்.

'தமிழும் ஆங்கிலமுமே சுமையாக இருக்க, இஃதென்ன புதுச்சுமை?' என்று சிலர் வினவுவர். பன்மொழிப் புலமையை நாம் வேண்டுகின்றிலம். மனப்பாடமும் தேர்வும் இதற்கு வேண்டா. வாரத்தில் ஒரு நாழிகை போதும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை ஒரு புதிய எழுத்தில் எழுதி வீட்டிற்குக் கொண்டுசெல்லின் அதுவே நிறைவு.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர், நம் நாட்டுச் சிறாரோடு மணலில் அமர்ந்து விரலால் எழுதித் தமிழெழுத்தைக் கற்றார். அயல்நாட்டார் ஒருவர் நம் எழுத்தின்முன் அங்ஙனம் மாணாக்கராய் அமர்ந்தமையாலன்றோ, சில ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று! அடுத்த வீட்டார் எழுத்தின்முன் நம் பிள்ளைகளும் அங்ஙனம் சிறிதுபோது அமர்வாராக. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள், தத்தம் தெருவிலுள்ள சிறாரைக் கூட்டி இதனைத் தொடங்கலாம். வேண்டுவது ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியுமே.