ஒலி ஏன் சிதைகிறது?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவர்)

கைப்பேசிக்குள் மிளகளவே உள்ள ஒலிவாங்கி ஒன்று இருக்கிறது. அதற்கு மெம்ஸ் ஒலிவாங்கி என்று பெயர். அதிலுள்ள மெல்லிய சிலிக்கான் படலமும் துளையிட்ட தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக அமைகின்றன. ஒலி மோதினால் படலம் அதிரும், மின்தேக்குதிறன் மாறும். உள்ளிருக்கும் சிறு மின்சுற்று அம்மாற்றத்தை மின்னழுத்தமாக்குகிறது. இதன் அனலாக் வகையை நாமே பெருக்கியுடன் இணைத்துச் சோதிக்கலாம்.

வைகாசி கருட சேவையில் நாதசுரத்தையும் தவிலையும் பதிவு செய்ய ஒரு மாணவர் இதை இணைக்கிறார் என்று கொள்வோம். பேச்சு தெளிவாகக் கேட்கிறது. தவில் முழங்கியதும் ஒலி கரகரக்கிறது. உடனே ஒலிவாங்கியைத் தூக்கி எறிந்துவிடலாமா? பாவில் இழை அறுந்தால் நெசவாளர் தறியை மாற்றுவதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிணைக்கிறார். நாமும் அவ்வாறே தேடுவோம். சிதைவு எப்போது தோன்றுகிறது என்பதே முதற்கேள்வி.

1. அமைதியிலும் இரைச்சல் கேட்டால், மின்வழங்கியைக் கவனிக்க வேண்டும். ஒலிவாங்கியின் மின்முனைக்கும் தரைமுனைக்கும் இடையில், மிக அருகிலேயே, 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை இணைத்துப் பார்க்கலாம்.

2. மெல்லிய பேச்சும் சிதைந்தால், நேர்மின்னழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஒலிவாங்கியின் வெளியீட்டில் ஒலி இல்லாதபோதும் ஒரு நேர்மின்னழுத்தம் இருக்கும். அதைத் தடுக்க 1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைத் தொடராக இணைக்க வேண்டும். மின்வழங்கி 3.3 வோல்ட் என்றால், இரண்டு 20 கிலோ ஓம் மின்தடைகளால் பெருக்கியின் உள்ளீட்டை 1.65 வோல்ட்டில் நிறுத்தலாம். அப்போது சுமார் 16 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலிகள் தடையின்றிச் செல்லும்.

3. உரத்த ஒலி மட்டும் சிதைந்தால், கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 94 டெசிபெல் ஒலிக்கு 8 மில்லிவோல்ட் (ஆர்.எம்.எஸ்.) தரும் ஒலிவாங்கி, 114 டெசிபெலில் 80 மில்லிவோல்ட் தரும், அதன் உச்சம் சுமார் 113 மில்லிவோல்ட். பெருக்கம் 40 மடங்கானால் உச்சம் 4.5 வோல்ட்டாக வேண்டும். ஆனால் மேலும் கீழும் இருக்கும் இடமோ 1.65 வோல்ட்தான்! எனவே அலையின் தலையும் அடியும் வெட்டுப்படுகின்றன. பெருக்கத்தை 10 மடங்காகக் குறைத்தால் உச்சம் 1.13 வோல்ட், அலை முழுமையாக அடங்கும்.

நம் மாணவரின் குறை மூன்றாவது வகை. இதை உறுதிசெய்ய, சி.ஆர்.ஓ. கருவியில் ஒலிவாங்கியின் வெளியீட்டை நேரே காண வேண்டும். அங்கே அலை நன்றாக இருந்தால் குறை பெருக்கியில்தான். அங்கேயே அலை தட்டையானால், ஒலி அந்த ஒலிவாங்கியின் தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது. பல வகைகளில் அவ்வெல்லை 120 டெசிபெலை ஒட்டியது. தவிலை விட்டுத் தள்ளி வைப்பதே அதற்கு வழி.

ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும் என்பதை நண்பர்கள் மறக்கலாகாது. உதவித்தொகையில் மிச்சம் பிடித்து வாங்கும் பொருளை வீணே எறியாமலிருக்கலாம். பொருளையாவது மீண்டும் வாங்கலாம். அன்றைய நாதசுர ஒலி மறுநாள் வராது. ஆகவே, விழாவுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் செல்வோமாக!