யென்னும் லீராவும்: இரு நாணயங்களின் மாற்று வீத வரலாறு

ஒரு நாட்டின் பணம் இன்னொரு நாட்டின் பணத்தில் எவ்வளவு பெறுமதியுடையது என்பதைக் காட்டுவதே நாணய மாற்று வீதமாகும். பத்திரிகையில் அது ஓர் இலக்கமாக மட்டுமே தெரியும். அந்த இலக்கத்தைப் பல ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்த்தால் ஒரு நாட்டின் பொருளாதாரக் கதையே அதில் அடங்கியிருப்பது புலப்படும். ஜப்பானின் யென்னையும் துருக்கியின் லீராவையும் எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

தங்கத்தில் தொடங்கிய கணக்கு

உதுமானியப் பேரரசு தனது தங்க லீராவை 1844 இல் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ 6.6 கிராம் தூய தங்கம் இருந்தது. ஜப்பான் 1871 இல் யென்னை அறிமுகப்படுத்தியது. 1897 இல் அது தங்க நியமத்தை ஏற்றபோது ஒரு யென்னின் பெறுமதி 0.75 கிராம் தங்கம் என நிர்ணயிக்கப்பட்டது. 6.6 ஐ 0.75 ஆல் வகுத்தால் 8.8 கிடைக்கும். அதாவது, தங்கத்தின் நிறைப்படி அன்று ஓர் உதுமானிய லீரா ஏறக்குறைய 8.8 யென்னுக்குச் சமமாகும்.

டொலர் வழியாக ஒரு கணக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நாடுகள் தமது நாணயங்களை அமெரிக்க டொலருடன் பிணைத்தன. எனவே யென்னையும் லீராவையும் ஒப்பிட வேண்டுமாயின் டொலரையே இடையில் வைத்துக் கணிக்க வேண்டும். இதனைக் குறுக்கு வீதம் என்பர்.

துருக்கி 1946 இல் ஒரு டொலருக்கு 2.80 லீரா என நிர்ணயித்தது. ஜப்பான் 1949 இல் ஒரு டொலருக்கு 360 யென் என நிர்ணயித்தது. 360 ஐ 2.80 ஆல் வகுத்தால் ஒரு லீரா ஏறத்தாழ 128 யென்.

1958 இல் துருக்கி லீராவை மதிப்பிறக்கி ஒரு டொலருக்கு 9 லீரா என்றாக்கியது. அப்போது ஒரு லீரா 40 யென் ஆகியது. 1970 இல் மறுபடியும் மதிப்பிறக்கி 15 லீரா என்றாக்கியது. ஒரு லீரா 24 யென்னாகக் குறைந்தது. இக்காலம் முழுவதும் யென் 360 இலேயே நின்றது என்பதைக் கவனியுங்கள். இருபது ஆண்டுகளில் அசைந்தது லீரா மட்டுமே.

இரு வேறு பாதைகள்

1971 இல் அமெரிக்கா டொலருக்குத் தங்கம் வழங்குவதை நிறுத்தியது. 1973 முதல் யென் சந்தையில் மிதக்கத் தொடங்கியது. ஏற்றுமதியில் வலுப்பெற்றிருந்த ஜப்பானின் நாணயம் உயர்ந்தது. 1985 ஆம் ஆண்டு பிளாசா உடன்படிக்கைக்குப் பின் அது மேலும் விரைவாக உயர்ந்து, 1995 இல் ஒரு டொலருக்கு 80 யென்னுக்கும் கீழே வந்தது.

துருக்கியின் நிலை வேறு. எண்ணெய் விலையேற்றம், இறக்குமதிச் சுமை, அரசின் வரவு செலவுப் பற்றாக்குறை, அதனை ஈடுசெய்யப் பெருக்கப்பட்ட பணம் ஆகியன விலைவாசியை ஏற்றின. 1980 ஜனவரியில் ஒரு டொலர் 70 லீரா ஆகியது. 2001 பெப்ரவரியில் வங்கி நெருக்கடியின்போது லீரா மிதக்கவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே ஒரு டொலர் 10 இலட்சம் லீராவைக் கடந்தது.

ஆறு பூச்சியங்கள்

2005 ஜனவரி 1 ஆம் திகதி துருக்கி தனது நாணயத்திலிருந்து ஆறு பூச்சியங்களை நீக்கியது. 10 இலட்சம் பழைய லீரா ஒரு புதிய லீராவாகியது. அப்போது ஒரு புதிய லீராவுக்கு ஏறத்தாழ 76 யென் கிடைத்தது.

இவ்விடத்தில் மாணவியர் அவதானமாக இருக்க வேண்டும். 1970 இல் 24 யென், 2005 இல் 76 யென் என்று வரைபில் குறித்தால் லீரா மும்மடங்கு உயர்ந்ததுபோல் தோன்றும். உண்மையோ நேர்மாறானது. 1970 இல் 24 யென் கொடுத்தால் ஒரு லீரா. 2005 இல் அதே 24 யென்னுக்கு 3 இலட்சத்துக்கும் அதிகமான பழைய லீரா. பூச்சியத்தை நீக்குவதால் எண்ணுவது இலகுவாகுமேயன்றி, இழந்த பெறுமதி மீளாது.

உயர்ந்த வட்டியின் கவர்ச்சி

1990களின் பின் ஜப்பானில் வட்டி வீதம் பூச்சியத்தை அண்மித்தது. துருக்கியிலோ வட்டி மிக உயர்வு. ஆகவே ஜப்பானியச் சாதாரண சேமிப்பாளர் பலர் லீராவில் முதலிட்டனர். அதன் விளைவை ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம்.

2014 இறுதியில் ஒரு லீரா ஏறத்தாழ 50 யென். ஒருவர் 100,000 யென்னை மாற்றினால் 2,000 லீரா கிடைக்கும். ஆண்டுக்கு 15 சதவீதக் கூட்டுவட்டி என வைத்துக்கொண்டால், பத்து ஆண்டுகளில் அது சுமார் 8,090 லீராவாகும். தொகை நான்கு மடங்காகிவிட்டது! ஆனால் 2024 இறுதியில் ஒரு லீரா ஏறத்தாழ 4.4 யென் மட்டுமே. மீண்டும் யென்னாக மாற்றினால் கையில் வருவது சுமார் 35,600. வட்டி முழுவதும் போய், முதலிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது.

இந்த வீழ்ச்சிக்குக் காரணம் என்ன? 2018 ஒகஸ்டில் லீரா கடும் நெருக்கடியைச் சந்தித்தது. 2021 இன் பிற்பகுதியில், விலைவாசி ஏறிக்கொண்டிருக்கையிலேயே துருக்கிய மத்திய வங்கி வட்டி வீதத்தை 19 இலிருந்து 14 சதவீதமாகக் குறைத்தது. லீராவை வைத்திருப்போர் அதனைக் கைவிட்டு டொலரையும் தங்கத்தையும் நாடினர். 2022 ஒக்டோபரில் ஆண்டுப் பணவீக்கம் 85 சதவீதத்தைத் தாண்டியது.

நாம் அறிய வேண்டியவை

மாற்று வீதம் எப்போதும் ஓர் ஒப்பீடே. 2024 ஜூலையில் யென், டொலருக்கு எதிராக 1986 இன் பின் கண்டிராத அளவுக்குத் தாழ்ந்தது. ஆயினும் லீராவுக்கு எதிராக அது உயர்ந்தே நின்றது. எனவே ஒரு நாணயம் வலுவானதா என்று கேட்கும்போது, எதனோடு ஒப்பிட்டு என்றும் கேட்க வேண்டும்.

அடுத்தது, அதிக வட்டி தரும் பணம் பெரும்பாலும் பெறுமதி தேயும் அபாயத்துக்குரிய பணமாகும். பிள்ளைகளின் படிப்புக்கெனச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் பெற்றோர், எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தப் பணத்தால் பத்து ஆண்டுகளின் பின் என்ன வாங்க முடியும் என்பதையும் கணித்துப் பார்ப்பது நன்று. அக்கணக்கைச் செய்வதற்கு வகுத்தலும் பெருக்கலும் அறிந்த ஒரு மாணவி வீட்டில் இருந்தாலே போதும்.